இன்ஜினின் நிறமும் படத்தின் வெளிச்சமும்

ரயிலைப் படம் எடுப்பவர்கள் கூடினால் இடம், நேரம், லென்ஸ் ஆகிய மூன்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது, வண்டி வரும் நேரத்தில் சூரியன் எங்கே நிற்கும், மின்கம்பம் குறுக்கே விழுமா என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வரப்போகும் இன்ஜின் என்ன நிறத்தில் இருக்கும் என்ற கேள்வி மட்டும், வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் பலருக்கு எழுகிறது. ஆனால் படத்தில் பெரும்பரப்பை அடைத்துக்கொண்டு நிற்பது அந்த நிறம்தான். கேமராவின் வெளிச்சக் கணக்கைக் குழப்புவதும், வண்டியைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவதும், சில சமயம் பின்னணியோடு கரைத்துவிடுவதும் அதுவே. ஆகவே நிறம் தெரிந்த பிறகே இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்திய ரயில்வேயின் இன்ஜின்களை, அதிலும் தென்னகத்தில் அன்றாடம் காணக் கிடைப்பவற்றை முன்வைத்து அதற்கான காரணங்களை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிறங்களைப் பார்த்துவிடலாம். விரைவு ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 வகை மின்சார இன்ஜினின் பொதுவான பூச்சு, வெள்ளை உடலில் சிவப்புப் பட்டை. சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து 2000-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய இந்த வகை, இப்போது நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் ஓடுகிறது. சென்னையில் ராயபுரம் ஷெட், அதாவது இன்ஜின் பராமரிப்பு நிலையம், இதற்குப் பெயர்பெற்றது. அதற்கு முந்தைய தலைமுறையான டபிள்யூ.ஏ.பி.-4 பெரும்பாலும் சிவப்பு உடலில் வெளிர்நிறப் பட்டையோடு வந்தது. சரக்கு ரயில்களுக்கான டபிள்யூ.ஏ.ஜி.-9 பச்சை உடலும் வெளிர்மஞ்சள் சாயலுள்ள பட்டையும் கொண்டது. பீகாரின் மதேபுராவில் தயாராகி 2020-இல் சேவைக்கு வந்த, 12,000 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.ஏ.ஜி.-12 நீல நிறத்தில் வருகிறது. வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற இந்த நான்கும் கேமராவிடம் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன. இவற்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் தூரத்திலிருந்து கண்ணில் படுதல், அழுக்கு தாங்குதல், பயணிகள் இன்ஜினையும் சரக்கு இன்ஜினையும் எளிதில் வேறுபடுத்துதல் போன்றவற்றை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். படம் எடுப்பவரைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வெள்ளையிலிருந்து தொடங்குவதே நியாயம், ஏனெனில் இன்று அதிகம் கிடைப்பதும் அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர், தான் பார்க்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்கு, அதாவது தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்ற அனுமானத்தில் இயங்குகிறது. புதிதாகப் பூசிய வெள்ளைப் பரப்பு அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலாக ஒளியைத் திருப்பி அனுப்பும். புகைப்படக் கணக்கில் இது இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று மேற்பட்ட வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). டபிள்யூ.ஏ.பி.-7 சட்டகத்தை நிறைத்து நிற்கும்போது மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பலாக்க முயன்று மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அதே இன்ஜின் அரைக் கிலோமீட்டர் தள்ளி வயல்வெளிக்கு நடுவே சிறிய புள்ளியாக வரும்போது, மீட்டர் சுற்றியுள்ள கரும்பச்சையைப் படித்து வெளிச்சத்தைக் கூட்டும்; இன்ஜினின் முகம் வெறும் வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும். ஒரே இன்ஜின், ஒரே வெயில், ஒரே நிமிடம், ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பிழைகள். வண்டி நெருங்க நெருங்கத் தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், வெளிச்சம் படத்துக்குப் படம் குறைந்துகொண்டே போவது தெரியும்.

இதற்கு மருந்து தானியங்கி முறையை நம்பாமல் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் செல்லும் ஒளியின் அளவை, கையால் அமைப்பதுதான். வண்டி வருவதற்கு முன்பே அதே வெயிலில் கிடக்கும் நடுத்தர நிறமுள்ள ஏதாவது ஒன்றை அளந்து வைத்துக்கொள்ளலாம். பாதையோரம் புதிதாகக் கொட்டிய ஜல்லியும், பிரேக் தூசு படியாத கான்கிரீட் ஸ்லீப்பரும் இதற்கு நன்றாகவே உதவுகின்றன. மேகமற்ற வானத்தில், வண்டியின் முகத்தில் நேராக விழும் முன்வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 (ஒளியுணர்வு), எஃப் 5.6 (லென்ஸ் துளை), 1/1000 நொடி என்பது பழைய பிலிம் காலத்திலிருந்து வரும் நம்பகமான தொடக்கப் புள்ளி. வெள்ளை இன்ஜினுக்கு அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வரை குறைத்து, 1/1250 அல்லது 1/1600 என வைத்தால் போதும். வெள்ளையின் விவரம் தங்கிவிட்டால் நிழலைப் பிறகு, கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். எரிந்துபோன வெள்ளையை மீட்க வழியே இல்லை.

அந்த விவரம் எதற்கு என்று கேட்கலாம். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய டபிள்யூ.ஏ.பி.-7 ஒன்றின் முகத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். முன்கண்ணாடிக்குக் கீழே பூச்சிகள் மோதிய கறை, கைப்பிடிக் கம்பி வெள்ளைத் தகட்டின் மேல் வீசும் மெல்லிய நிழல், தகடுகள் சேரும் இடத்தில் ஓடும் கோடு, சற்றே அமுங்கிய பரப்பில் வெயில் வளைந்து விழுவது, மழைநீர் வழிந்து காய்ந்த பழுப்புத் தடம் ஆகிய இத்தனையும் சேர்ந்துதான் அது இரும்பும் எடையும் கொண்ட ஒரு பொருளாகக் கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளை எரிந்த படத்தில் இவை எல்லாம் போய், சிவப்புப் பட்டையும் இரண்டு கண்ணாடிகளும் மட்டும் காற்றில் மிதப்பதுபோல் நிற்கும். வெள்ளை இன்ஜினுக்கு மெல்லிய மேகம் மூடிய வானமே மிகச் சிறந்த விளக்கு என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கடும் வெயிலே ரயில் படத்துக்கு உகந்தது என்ற பரவலான நம்பிக்கை, கரிய நீராவி இன்ஜின்களின் காலத்தில் உருவாகி இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கருப்பில் நிலைமை தலைகீழ். புகைக்கரி படிந்த கருப்பு உடல் தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பி அனுப்பும். சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் நடுவிலுள்ள பகுதி கேமராவுக்கு வெறும் இருட்டுப் பள்ளம். தாழ்ந்த கோணத்தில் பக்கவாட்டிலிருந்து பாயும் வெயில் இருந்தால்தான் தண்டுகள் மின்னும். அமெரிக்காவின் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்பாதையின் கடைசி நீராவி ஆண்டுகளை, 1955 முதல் 1960 வரை, படமெடுத்த ஓ. வின்ஸ்டன் லிங்க் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார். அவர் இரவைத் தேர்ந்தெடுத்து, பாதையோரம் ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகக் கம்பியால் இணைத்து வைத்து, வண்டி குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் அத்தனையையும் ஒரே நொடியில் எரியவிட்டார். கருப்பு இன்ஜினின் ஒவ்வொரு விளிம்பும் அவர் வைத்த விளக்கால் வரையப்பட்டது. நீராவி வெண்மையாக எழுந்து, இரவு வானம் அதற்குத் திரையாகியது. பொருளின் நிறத்தை முதலில் எண்ணி அதற்கேற்ற ஒளியைத் தானே உண்டாக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஓடும் ரயிலின் மேல் ஃபிளாஷ் அடிப்பது லோகோ பைலட்டின் பார்வையைப் பாதிக்கக் கூடியது என்பதால் அந்த முறையை இன்று நாம் பின்பற்றவே கூடாது.

சிவப்பு தரும் தொல்லை வெளியே தெரியாமல் நடப்பது. பெரும்பாலான டிஜிட்டல் சென்சார்களில் ஒளிப்புள்ளிகளில் பாதி பச்சையையும், கால்பங்கு சிவப்பையும், கால்பங்கு நீலத்தையும் வாங்குகின்றன. அடர்ந்த சிவப்புப் பரப்பின் விவரத்தை அந்தக் கால்பங்கே சுமக்க வேண்டியிருக்கிறது. அத்துடன் படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்ட கேமராத் திரையில் தெரியும் ஒற்றை ஹிஸ்டோகிராம் வரைபடம் பச்சைக்கே அதிக முக்கியத்துவம் தந்து கணக்கிடப்படுவதால், சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு வழிந்துவிட்டாலும் அதில் தெரிவதில்லை. படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்; ஆனால் டபிள்யூ.ஏ.பி.-4-இன் பக்கவாட்டில் உள்ள காற்றுத் திறப்புகளும் ஆணிவரிசைகளும் ஒரே சிவப்புக் கூழாகக் கலந்திருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்து, சிவப்புக்கோடு வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்வது இதைத் தவிர்க்கும். மாலை வெயிலில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும், ஏனெனில் அந்த வெயிலே சிவந்திருக்கும். பிறகு கணினியில் நிறச்செறிவைக் கூட்டும் பழக்கம் எஞ்சியிருக்கும் விவரத்தையும் அழித்துவிடுகிறது. சிவப்பு இன்ஜின் படத்தில் செறிவைக் கூட்டத் தேவையே இல்லை. சற்றுக் குறைத்தால் பூச்சின் உண்மையான தன்மை திரும்பி வருவதைக் காணலாம்.

இத்தனை தொல்லை இருந்தும் தென்னகப் பின்னணிகளில் மிக அழகாக நிற்பது சிவப்பே என்பதில் எனக்கு ஐயமில்லை. பருவமழைக்குப் பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயில் பச்சை படர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சாம்பலாகப் பின்னால் எழ, காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் சிவப்பு இன்ஜின் வந்தால் கண் வேறெங்கும் போகாது. பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள எதிர்ப்பு அப்படிப்பட்டது. அதே இடத்தில் பச்சை நிற டபிள்யூ.ஏ.ஜி.-9 சரக்குப் பெட்டிகளை இழுத்துவந்தால், அதன் வெளிர்நிறப் பட்டை மட்டும் தனியாக ஓடுவதுபோலத் தோன்றும். உடல் வயலோடு சேர்ந்துவிடும். பச்சை இன்ஜினுக்கு வறண்ட இடங்கள் பொருந்தும்: கோடைகாலத்து வெளிறிய புல், செம்மண் வெட்டுச்சரிவு, பாறை, ஆற்றுமணல், இரும்புப் பாலம். காய்ந்துபோன நிலம் அழகில்லை என்று கோடை முழுவதும் கேமராவை உள்ளே வைத்துவிடுபவர்கள், சரக்கு இன்ஜின்களுக்கு மிகப் பொருத்தமான பருவத்தை விட்டுவிடுகிறார்கள்.

நீலத்துக்கு எதிரி மாலை வெயில். சூரியன் தாழும்போது ஒளியில் நீலப்பங்கு குறைந்துவிடுவதால் நீலப் பூச்சு திருப்பி அனுப்ப எதுவும் கிடைக்காமல் மங்கிச் சாம்பலாகிறது. வெள்ளை பொன்னாகவும் சிவப்பு கனலாகவும் மாறும் அந்த அரைமணி நேரம், நீல இன்ஜினுக்கு மட்டும் வீண். காலை எட்டரை, ஒன்பது மணி வெயிலோ, மேகம் மூடிய பகலோ அதற்குப் போதும். நீலத்துக்கு வானமும் கடலும் பின்னணியாகும்போது பிரிவு கிடைப்பதில்லை. பாம்பனில் கடலின் நீலப்பச்சைக்கு எதிரே வெள்ளையோ சிவப்போ வந்தால் வண்டி தனித்துத் தெரியும். நீல நிறப் பெட்டிகள் நீரோடு சேர்ந்துவிடும். 1914-இல் திறந்து 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பழைய பாலத்தில் அடர்நீலமும் வெளிர்நீலமும் கலந்த பெட்டிகளோடு எடுத்த பல படங்களில், இன்ஜின் ஒன்றுதான் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கும் இது பொருந்தும். அங்கே சாலைப்பாலத்தின் உயரத்திலிருந்து எடுப்பதால் இன்ஜினின் கூரையும் படத்தில் சேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கூரையைப் பக்கங்களைப்போல் அழகாகப் பூசுவதில்லை, கரியும் தூசும் அதில்தான் அதிகம்.

நீலகிரி மலை ரயிலில் நீலம் இன்னொரு விதமாக இயங்குகிறது. மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் ஓடும் அந்தப் பாதையில், பல்சக்கரம் தேவைப்படும் கல்லாறு–குன்னூர் பகுதியை எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் நீல நிறத்தில் ஏறுகின்றன. பெட்டிகள் நீலமும் வெளிர்மஞ்சளும். ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளுவதால், மலையேறும் வண்டியை எதிர்கொண்டு நிற்பவருக்கு முதலில் கிடைப்பது பெட்டியின் முகம்தான். இன்ஜினே முன்னால் வரும் படம் வேண்டுமென்றால் இறங்கும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். காட்டின் நிழலில் வானத்திலிருந்து மட்டும் இறங்கும் ஒளி நீலம் கலந்தது என்பதால் இந்தப் பூச்சு அங்கே நிறம் குன்றாமல் இருக்கிறது. மூடுபனியில் பெட்டிகளின் வெளிர்மஞ்சள் பட்டைதான் வண்டியின் இருப்பை முதலில் சொல்கிறது. ஆனால் அந்த நிழலில் ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை நீலத்தை அதிகப்படி என்று கருதி மஞ்சளைக் கூட்டிவிடும். நீலம் பச்சையாகத் தெரியும் மலை ரயில் படங்களுக்கு இதுவே காரணம். சமநிலையை நிழலுக்கான நிலையில் நிறுத்திவிட்டு எடுத்தால் அடுத்தடுத்த படங்களில் நிறம் மாறாமலாவது இருக்கும்.

தென்னாட்டுச் சூரியன்

ரயில் புகைப்படம் பற்றி வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பூமத்திய ரேகைக்கு வெகுதூரம் வடக்கே உள்ள நாடுகளை எண்ணி எழுதப்பட்டவை. சூரியன் எப்போதும் தெற்கில் இருக்கும், ஆகவே பாதையின் தெற்குப் பக்கம் நில் என்பது அவற்றின் அடிப்படை. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதை பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுவதால், டிசம்பரில் வெயில் விழும் பக்கம் வேறு, ஜூனில் வெயில் விழும் பக்கம் வேறு. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53 பாகை உயரத்தில் நிற்பதால் அப்போது பகல் முழுவதும் படம் எடுக்கத் தகுந்த வெளிச்சம் கிடைக்கிறது. மே மாத நண்பகலிலோ கூரை மட்டும் ஒளிர, பக்கங்கள் முழுவதும் நிழலில் இருக்கும்.

இங்கே நிறம் மீண்டும் உள்ளே வருகிறது. உச்சி வெயிலில் நிழல்பட்ட பக்கத்துக்கு ஒளி தருவது தரையும் வானமும்தான். வெளிறிய ஜல்லியிலும் காய்ந்த மண்ணிலும் பட்டு மேலேறும் ஒளியை வெள்ளைப் பூச்சு வாங்கிக்கொள்வதால் டபிள்யூ.ஏ.பி.-7 அந்த நேரத்திலும் ஓரளவு தேறிவிடும். சிவப்பு இன்ஜினின் நிழல்பக்கம் அப்போது கருஞ்சிவப்பாக இறுகிவிடும், ஏனெனில் நீல வானத்தின் ஒளியில் அதற்கு வேண்டிய பங்கு குறைவு. ஆகவே கோடை நண்பகலில் எதையும் எடுக்க முடியாது என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. கடும் முன்வெயிலில் மிகவும் சிரமப்படுத்தும் அதே வெள்ளை, உச்சிப்பொழுதில் நமக்குக் கைகொடுக்கிறது. விடியற்காலையில் மேற்கிலிருந்து சென்னைக்குள் வந்து சேரும் வண்டிகள் கிழக்கே முகம் காட்டி வருவதால், அவற்றின் முகத்தில் முழு வெயில் விழும்; அதே நேரத்தில் மேற்கு நோக்கிப் புறப்படும் வண்டிகளின் முகம் நிழலில் இருக்கும். முதல் வகைக்குச் சிவப்பும் பச்சையும் நன்றாக ஒத்துவரும், இரண்டாம் வகைக்கு வெள்ளை.

நின்று எடுக்கும் இடத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவது ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். மின்மயமான பாதைகளில் தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். சாலை மேம்பாலம், கேட்டுக்கு வெளியேயுள்ள பொதுச்சாலை, பாதைக்கு அப்பாலுள்ள வயல்வரப்பு ஆகியவற்றிலிருந்து கிடைக்காத ஒரு படத்துக்காகத் தண்டவாளத்தருகே போவதை எந்த நிறமும் நியாயப்படுத்தாது.

பட்டையும் வேகமும்

நிறத்தோடு பட்டையின் அமைப்பும் படத்தில் வேலை செய்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் வண்டி ஒரு நொடியில் 30 மீட்டருக்கும் மேல் கடக்கிறது. 1/1000 நொடியில்கூட அது மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்பி, 1/60 போன்ற மெதுவான வேகத்தில் பின்னணியைக் கலங்கவைத்து எடுக்கும் பேனிங் முறையில், நீளவாக்கில் ஓடும் பட்டை எடுப்பவருக்குப் பெரிய துணை. கை சற்று முன்பின்னாக அசைந்தாலும் அசைவு பட்டையின் நீளத்திலேயே நடப்பதால் அதன் விளிம்பு கூர்மையாகவே தெரியும். எழுத்துகளும் கதவின் செங்குத்துக் கோடுகளும் அதே அசைவில் முதலில் கலங்கிவிடும். ஒரு பேனிங் படம் உண்மையில் கூர்மையாக வந்திருக்கிறதா என்று அறியப் பட்டையைப் பார்க்கக் கூடாது, ஷெட்டின் பெயரையும் இன்ஜினின் எண்ணையும் படிக்க முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

தானியங்கி ஃபோகஸுக்கும் விளிம்புகள் வேண்டும். வெறும் வெள்ளை முகத்தில் ஃபோகஸ் தடுமாறலாம். சிவப்புப் பட்டையும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் வைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். மின்னும் முகப்பு விளக்கின் மேல் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது, ஒளிச்சிதறல் கேமராவை ஏமாற்றிவிடும்.

நிறம் புகைப்படத்துக்காகவே மாற்றப்பட்ட காலமும் இருந்தது. நீராவி யுகத்தில் பிரிட்டிஷ் இன்ஜின் தொழிற்சாலைகள் புதிதாகக் கட்டிய வகையின் முதல் இன்ஜினுக்கு மங்கலான சாம்பல் நிறத்தைத் தற்காலிகமாகப் பூசி, கோடுகளையும் எழுத்துகளையும் கருப்பிலும் வெள்ளையிலும் வரைந்து, தொழிற்சாலை முற்றத்தில் நிறுத்திப் படம் எடுத்தன. சில சமயம் கேமராவுக்குத் தெரியும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே அந்தப் பூச்சு. படம் முடிந்ததும் உண்மையான நிறத்தைப் பூசி அனுப்பினார்கள். அன்றைய கண்ணாடித் தட்டுகள் சிவப்பை அறவே உணரவில்லை. நீலத்தை அளவுக்கு மீறி உணர்ந்தன. செந்நிற இன்ஜின் அவற்றில் கரிக்கட்டியாகவும், நீலம் வெளிறியும் பதியும். பளபளப்பான பூச்சில் வானமும் முற்றமும் பிரதிபலித்துத் தகடுகளின் வடிவமும் மறையும். மங்கலான சாம்பல் இந்த இரண்டையும் தீர்த்தது. ஒவ்வொரு ஆணியும் எண்ணத்தக்கதாகப் பதிந்தது. எல்லா நிறங்களையும் ஓரளவு சரியாகப் பதியும் தட்டுகள் 1906-இல்தான் விற்பனைக்கு வந்தன. ஆகவே பழைய கருப்பு வெள்ளைப் படத்தை மட்டும் வைத்து ஓர் இன்ஜின் கருப்பா சிவப்பா என்று சொல்வது பெரும்பாலும் ஆதாரமற்ற ஊகமாகவே முடியும்.

வண்ணப் படங்களில் அந்தக் குறை இல்லை. அங்கே நிறமே சாட்சி. இந்தியப் பெட்டிகள் நீண்டகாலம் செங்கல் சிவப்பில் ஓடி, 1990-களில் நீலத்துக்கு மாறின. 2018-இல் பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) பாணிப் பெட்டிகளுக்கு வெளிர்பழுப்பும் கபிலமும் வந்தன; ஜெர்மன் வடிவமைப்பில் வந்த எல்.எச்.பி. பெட்டிகள் சிவப்பும் சாம்பலும். 2019 பிப்ரவரியில் வெள்ளையும் நீலமுமாக ஓடத் தொடங்கிய வந்தே பாரத், 2023 செப்டம்பரில் காவிநிறத்திலும் வந்தது. தேதி எழுதாத ஒரு படத்தை இவற்றைக் கொண்டு சில ஆண்டு இடைவெளிக்குள் பொருத்திவிடலாம். இன்ஜின்களில் இது இன்னும் நுணுக்கமாக இருந்தது. டீசல் காலத்தில் ஷெட்டுகள் தத்தம் விருப்பப்படி வண்ணம் பூசிக்கொண்டதால், எண்ணைப் படிக்கும் தூரத்துக்கு வண்டி வரும் முன்பே அது எந்த ஊர் இன்ஜின் என்று ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள். மின்மயமாக்கலோடு வந்த ஒரேவிதப் பூச்சு பராமரிப்புக்கு எளிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் படங்களிலிருந்து ஊரின் அடையாளம் போய்விட்டது என்பதைப் பெரிய இழப்பாகவே நான் கருதுகிறேன். இன்ஜின் உடல் முழுவதும் விளம்பரப் படலம் ஒட்டப்படும்போது இழப்பு மேலும் கூடுகிறது: பல சிறு எழுத்துகளும் படங்களும் சேர்ந்து இன்ஜினின் வடிவத்தையே உடைத்துவிடுகின்றன, கண் வண்டியைப் பார்க்காமல் வாசகத்தைப் படிக்கத் தொடங்குகிறது.

போன நிறங்களுக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி ரசிகர்கள் எடுத்த சிலைடுகளும் அச்சுப் படங்களும்தான், அவையும் வெளிறிக்கொண்டிருக்கின்றன. வெளிறிய படத்தில் இன்ஜினின் நிறத்தை மட்டும் பார்த்துத் திருத்தினால் நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நிறத்தையே அதில் ஏற்றிவிடுவோம். நன்கு அறிந்த நிறமுள்ள வேறொரு பொருள் அதே சட்டகத்தில் இருந்தால் திருத்தம் நம்பகமாகும். இந்திய நிலையங்களின் பெயர்ப் பலகை, மஞ்சள் தளத்தில் கருப்பு எழுத்தோடு, நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரே விதமாக இருப்பதால் அதற்கு மிகவும் ஏற்றது. மஞ்சள் மஞ்சளாகவும் எழுத்து சாயல் இல்லாத கருப்பாகவும் வரும்வரை சமநிலையைச் சரிசெய்தால், பக்கத்தில் நிற்கும் இன்ஜினின் பூச்சும் தன் பழைய நிறத்துக்கு நெருங்கி வரும். இப்போது எடுப்பவர்களும் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் வழக்கமான முக்கால்பக்கத் தோற்றத்தோடு, பெயர்ப் பலகை சேர்ந்த ஒரு படத்தையும் எடுத்து, திருத்தாத ரா கோப்பு, இன்ஜின் எண், ஷெட், தேதி ஆகியவற்றோடு சேர்த்து வைப்பது பயனுள்ளது. ஏனெனில் வெள்ளையும் சிவப்புமான இந்த டபிள்யூ.ஏ.பி.-7 பூச்சும் அடுத்த பெரும்பராமரிப்பிலோ அதற்கடுத்ததிலோ மாறக் கூடியதுதான்.